புகையடிக்கும் அரசியல்

அன்புள்ள ஐயா,

நான் வெள்ளவத்தையில் நான்கு மாடித் தொடர்மனை ஒன்றில் குடியிருக்கிறேன். 2022இல் காலிமுகத்திடலில் போய் நின்றவர்களில் நானும் ஒருத்தி. பிறகு வந்த எல்லாத் தேர்தலிலும் வாக்களித்தேன். தொலைக்காட்சியைப் போட்டால் பாராளுமன்றத்தில் அதே பழைய சண்டைதான். எங்கள் ஒழுங்கையில் மூன்று வீட்டில் டெங்கு. ஒரு அரசியல்வாதி ஆட்களோடு வந்து புகையடித்து, படம் எடுத்துக்கொண்டு போனார். மறுகிழமையே எதிர்வீட்டுப் பிள்ளைக்கும் காய்ச்சல். நாட்டின் உண்மையான பிரச்சினை எதுவும் இவர்கள் கண்ணில் படாதா? இனி வாக்களித்து என்ன பயன்? பேசாமல் கனடாவுக்குப் போய்விடலாமா என்று யோசிக்கிறேன்.

ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள தங்கச்சி,

கனடா உங்கள் குடும்ப விஷயம், அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. வாக்கைக் கட்டாயம் போடுங்கள், அதிலும் விவாதம் வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தப் புகைதான். இந்த மழை தொடங்கிய நாளிலிருந்து மனதில் அரித்துக்கொண்டிருப்பதும் அதுவே.

முதலில் அந்தப் பிள்ளை. காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும், அதுவும் நிறைக்கு ஏற்ற அளவில். ஐபுபுரோபன், டைக்ளோபெனாக், அஸ்பிரின் எதுவும் வேண்டாம், இரத்தக்கசிவைக் கூட்டும். மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை கட்டாயம். குருதிச் சிறுதட்டு (பிளேட்லெட்) எண்ணிக்கை ஒரு இலட்சத்துக்குக் கீழே போனால் வைத்தியசாலையில் சேர்க்க வேண்டும். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, சிறுநீர் குறைவது, இதில் ஒன்று தெரிந்தாலும் அந்த எண்ணிக்கைக்காகக் காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டார் மூச்சுவிடும் நேரம்தான் ஆபத்தானது. இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது பெரும்பாலும் அப்போதுதான் தொடங்கி, ஒன்று இரண்டு நாள் நீடிக்கும். வளர்ந்தவர் என்றால் நாளுக்கு இரண்டரை லீட்டர் வரை கஞ்சி, ஜீவனி, இளநீர் என்று குடிக்க வேண்டும். சிவப்பு, மண்ணிறப் பானம் கொடுத்தால் வாந்தியில் இரத்தமா என்று வைத்தியரால் பிரித்தறிய முடியாது. பப்பாசி இலைச் சாற்றைப் பற்றி யாராவது சொன்னால், கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள்.

இனி புகை. பைரெத்ராய்ட் வகை மருந்தை எண்ணெயில் கலந்து சூடாக்கி ஊதுகிறார்கள். அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் நுளம்பில் பட்டால் அது சாகும். அவ்வளவுதான் அதன் வேலை. டெங்கு நுளம்பு ஒழுங்கையில் உலாவுவது குறைவு. கட்டிலுக்கடியில், திரைச்சீலைக்குப் பின்னால், கொழுவியிருக்கும் உடுப்பில் ஒதுங்கியிருக்கும். புகை மணக்கிறதென்று நீங்கள் கதவு யன்னலைச் சாத்தியிருப்பீர்கள், அதுவும் உள்ளே பத்திரமாக இருந்திருக்கும். உச்சிவெயிலில் அடித்தால் சூடான காற்றோடு புகை மேலே போய்விடும். தண்ணீரில் இருக்கும் குடம்பிக்கும் கூட்டுப்புழுவுக்கும் ஒன்றும் ஆகாது. கூட்டுப்புழு இரண்டே நாளில் நுளம்பாக எழும்பும். நோயாளியின் வீட்டைச் சுற்றி, தண்ணீர் தேங்கும் இடங்களைத் துப்புரவாக்கும் வேலையோடு சேர்த்து அடித்தால் புகைக்கு ஒரு பயன் உண்டு. தனியே அடித்தால் அது படம் எடுக்கத்தான். அந்த மனிதர் வந்து போனதை ஒரு சேவையாக நினைத்து, அது பலிக்கவில்லையே என்று நீங்கள் வருந்துகிறீர்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

2017ஐ நினைத்துப் பாருங்கள். கொழும்பின் புளூமெண்டால் குப்பை மேட்டை 2009இல் நீதிமன்றம் நிறுத்தச் சொன்ன பிறகு, தற்காலிகம் என்றுதான் மீதொட்டமுல்லைக்குக் குப்பை போனது. தற்காலிகம் எட்டு வருடம் நீண்டது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் அந்த மலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மண்ணோடு போனார்கள். அதன் பின் கொழும்பின் குப்பைக்குப் போக இடமில்லை, தெருவோரம் குவிந்தது. மே மாதக் கடைசியில் பெருமழை. யோகட் கோப்பை, பொலித்தீன் பை, தம்பிலிக் கோம்பை எல்லாவற்றிலும் தண்ணீர். அந்த ஆண்டு நாடு முழுக்கப் பதிவான டெங்கு நோயாளிகள் 1,86,000க்கும் மேல். வைரஸ் வகை மாறியதும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் குப்பைக்கு ஒரு இடம் முடிவெடுக்க முடியாமல் எட்டு வருடத்தைக் கடத்தியது வைரஸ் அல்ல.

இப்போது உங்கள் தொடர்மனைக்கு வாருங்கள். பூச்சட்டித் தட்டைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். நீங்கள் கூரைக்கு ஏறுங்கள். மழைநீர் ஓடும் பிவிசி பீலி பத்து அடிக்குக் கால் அங்குலமாவது சரிந்திருக்க வேண்டும். பீலியைப் பிடிக்கும் கொழுக்கிகளை இரண்டு மூன்று அடிக்கு ஒன்றாகப் போடாமல் காசு மிச்சம் பிடித்தால் நடுவில் தொய்ந்துவிடும். தொய்ந்த இடத்தில் இலை, இலைக்கடியில் தண்ணீர், அதில் நுளம்பு. கீழே நிற்கும் யாருக்கும் தெரியாது. கொங்கிரீட் பீலி என்றால் பள்ளமான இடத்தைச் சாந்து போட்டு, தண்ணீர் கீழிறங்கும் குழாயை நோக்கிச் சரிக்க வேண்டும். தண்ணீர்த் தாங்கியின் வழிகுழாய்க்கு நுளம்பு வலை கட்டுங்கள். லிஃப்ட் குழியைத் திறந்து பாருங்கள். குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டையும் இழுத்துப் பாருங்கள்.

தண்ணீரை ஊற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, மறுபடி தண்ணீர் ஏறினால் பொரிக்கும். தும்பு போட்டு உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டையிலிருந்து நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால்தான் கிழமைக்கு ஒருமுறை என்கிறோம்.

வெள்ளவத்தையில் இன்னொன்று உண்டு. பூட்டிக் கிடக்கும் வீடுகள். உரிமையாளர் லண்டனிலோ டொரொண்டோவிலோ, சாவி உறவினரிடம். கொமோட்டிலும் அதன் மேல் தாங்கியிலும் தண்ணீர் தேங்கி நிற்கிறது, யாரும் திறப்பதில்லை. உங்கள் மாடியில் அப்படி எத்தனை வீடு? முகாமைத்துவக் குழுவுக்கு எழுதி, ஒருவர் கிழமைதோறும் உள்ளே போய்த் தண்ணீர் இழுத்துவிடச் செய்யுங்கள். அல்லது கொமோட்டின் வாயைப் பொலித்தீனால் இறுகக் கட்டி, மேல் தாங்கியை வடித்துவிடச் சொல்லுங்கள். நீங்களும் கனடா போனால் அதற்குமுன் இதைச் செய்துவிட்டுப் போங்கள்.

அடுத்தது, உங்களையும் உங்கள் அயலாரையும் நான் உண்மையாகவே திட்ட வேண்டிய இடம். டெங்கு என்று சந்தேகித்தாலே வைத்தியர் எச் 544 படிவத்தில் அறிவிக்க வேண்டும். நோயாளியின் வதிவிடப் பகுதி சுகாதார வைத்திய அதிகாரிக்கு அது போகும். அவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அனுப்புவார். நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? வெள்ளவத்தையில் போர்டிங்கில் இருக்கும் பிள்ளை, அடையாள அட்டையில் உள்ள ஹட்டன் முகவரியைக் கொடுக்கிறது, அல்லது யாழ்ப்பாணத்து முகவரியை. பரிசோதகர் அங்கே போய் வெறும் வளவைப் பார்ப்பார். நுளம்பு இங்கே அடுத்த ஆளைக் கடித்துக்கொண்டிருக்கும். தனியார் கிளினிக்கில் மருந்து எடுத்தவர் பலர் பதிவாவதே இல்லை. உங்கள் ஒழுங்கையின் மூன்று நோயாளிகளில் எத்தனை பேர் இந்த ஒழுங்கையின் முகவரியைக் கொடுத்தார்கள்? விசாரியுங்கள். படிவம் வராத ஒழுங்கைக்கு மாநகர சபை ஏன் வர வேண்டும்?

அரசியலைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் கடிதம் முழுக்கப் பாராளுமன்றம்தான். உங்கள் வட்டாரத்து மாநகர சபை உறுப்பினர் யார் என்று ஒரு சொல் இல்லை. 2018இல் தெரிவான சபையின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மாதம் 9ஆம் திகதி நடக்க வேண்டிய தேர்தலுக்குத் திறைசேரி பணம் விடவில்லை. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6இல். இரண்டு வருடத்துக்கு மேல் வாய்க்காலுக்கும் குப்பைக்கும் பொறுப்பான சபையில், மக்கள் தெரிவு செய்த ஒருவர்கூட இல்லை. அப்போது நீங்கள் தெருவுக்கு வந்தீர்களா? இப்போது ஆள் இருக்கிறார். போய்ப் பாருங்கள்.

கையோடு மாநகர சபைக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் (2016 இல. 12) ஒரு விண்ணப்பம் கொடுங்கள். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. மூன்றைக் கேளுங்கள்: கடந்த ஆறு மாதத்தில் உங்கள் ஒழுங்கைக்கு எத்தனை டெங்கு அறிவித்தல் வந்தது, எத்தனை வீட்டைப் பரிசோதித்தார்கள், 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தின் கீழ் எத்தனை வழக்குப் போட்டார்கள். நோயாளிகளின் பெயர் கேட்காதீர்கள், அதைச் சாட்டாக வைத்து மறுப்பார்கள். விண்ணப்பம் கிடைத்ததற்கு எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்குங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் 14 நாள்தான் தவணை, தவறவிடாதீர்கள். பதில் வந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்றும் எழுதுங்கள்.