உயர்தரத்தில் ஐ.சி.ரி: விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்கும் முன்

மகள் உயர்தரத்துக்கு ஐ.சி.ரி (தகவல், தொடர்பாடல் தொழினுட்பம்) பாடத்தை எடுக்க ஆசைப்படுகிறாள், விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக விடலாம். அதற்கு முன் ஒரு கேள்விக்கு அவளிடம் தெளிவான பதில் வாங்குங்கள்: கூட எடுக்கப்போகும் மற்ற இரண்டு பாடங்கள் எவை? எந்தப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம், எதற்கு முடியாது என்பதை மூன்று பாடங்களும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. கொழும்பில் நிறையக் குடும்பங்கள் இதைப் பெறுபேறு வந்த பிறகுதான் பல்கலைக்கழக அனுமதிக் கைநூலைப் புரட்டித் தெரிந்துகொள்கின்றன. அது மிகவும் பிந்திய நேரம்.

பௌதிக விஞ்ஞானப் பிரிவில் இரசாயனவியலை விட்டு ஐ.சி.ரி எடுப்பதே அடிக்கடி நடக்கும் மாற்றம். இணைந்த கணிதம், பௌதிகவியல், ஐ.சி.ரி என்று எடுத்தால் கணினி விஞ்ஞானம் சார்ந்த பட்டப்படிப்புகளுக்குப் போக வழி உண்டு. ஆனால் மொறட்டுவை, பேராதனை போன்ற இடங்களின் பொறியியல் பீடங்களுக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். இரசாயனவியலை விட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். "பிறகு பார்க்கலாம்" என்று விடக்கூடிய விடயம் அல்ல இது. சிவில் பொறியியலோ மின்பொறியியலோ பிள்ளையின் மனதில் ஓர் ஓரத்தில் இருந்தாலும் இரசாயனவியலை விடவேண்டாம். கணினி படிக்கும் ஆசையைப் பட்டப்படிப்பில் நிறைவேற்றிக்கொள்ளலாம்.

வணிகப் பிரிவில் நிலைமை இவ்வளவு கடினமில்லை. கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் என்ற மூன்றில் இரண்டை வைத்துக்கொண்டு மூன்றாவதாக ஐ.சி.ரியை எடுக்கலாம். தொழினுட்பப் பிரிவில் தொழினுட்பவியலுக்கான விஞ்ஞானமும், பொறியியல் தொழினுட்பவியல் அல்லது உயிர்முறைமைகள் தொழினுட்பவியலும் கட்டாயம். மூன்றாம் பாடமாக ஐ.சி.ரியை எடுக்கலாம். எந்தப் பிரிவானாலும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடாவருடம் வெளியிடும் கைநூலில், விரும்பும் கற்கைநெறிக்கு நேரே எழுதியிருக்கும் பாடங்களையும் குறைந்தபட்சத் தரங்களையும் நீங்களே வாசியுங்கள். சில கற்கைநெறிகள் சாதாரண தரக் கணிதத்திலும் ஆங்கிலத்திலும்கூடக் குறிப்பிட்ட தரம் கேட்கும். பக்கத்து வீட்டு அண்ணா நாலு வருடத்துக்கு முன் போன வழி இன்றும் அப்படியே இருக்கும் என்று நம்பவேண்டாம்.

"ஐ.சி.ரி சுலபம், புள்ளி அள்ளலாம்" என்ற பேச்சு டியூஷன் வாசல்களில் பலமாக உலவுகிறது. பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி கணிக்கப்படும் முறை தெரிந்தால் அந்தப் பேச்சில் மயங்கமாட்டீர்கள். பிள்ளையின் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்திருக்கின்றன என்ற அளவால்) வகுப்பார்கள். உதாரணத்துக்கு, ஒரு பாடத்தின் சராசரி 45, நியம விலகல் 20 என்று வைத்துக்கொள்வோம். 75 எடுத்தவருக்கு 1.5 கிடைக்கும். இன்னொரு பாடத்தின் சராசரி 60, விலகல் 15 என்றால் அதே 75க்கு 1.0தான். எல்லோரும் நன்றாகச் செய்யும் பாடத்தில் நல்ல புள்ளியின் பெறுமதி குறைந்துவிடும். மாவட்ட ஒதுக்கீட்டில் கொழும்பு மாவட்டத்து வெட்டுப்புள்ளி பல கற்கைநெறிகளுக்கு உயர்வாகவே இருக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

பாடமும் பலர் நினைப்பதுபோல வேர்ட், எக்செல் பழகுவதல்ல. துவித எண்கள் (0, 1 மட்டும் கொண்டவை), அவற்றைக் கையாளும் மின்சுற்றுகளான தருக்கப் படலைகள், பணிசெயல் முறைமை, வலையமைப்பு, முறைமைப் பகுப்பாய்வு, தரவுத்தளம், பைதன் நிரல் மொழி, இணையத்தள உருவாக்கம் என்று அது விரிகிறது. பரீட்சை இரண்டு வினாத்தாள்கள். முதலாவதில் 50 பல்தேர்வு வினாக்கள், 2 மணித்தியாலம். இரண்டாவது 3 மணித்தியாலம். 4 அமைப்புக் கட்டுரை வினாக்களும் கட்டாயம், கட்டுரை வினாக்கள் 6இல் 4 எழுதவேண்டும். முக்கியமாகக் கவனியுங்கள்: பைதன் நிரலையும் தாளில் பேனாவால்தான் எழுதவேண்டும். கணினி பிழையைச் சிவப்பில் காட்டும் வசதி அங்கே கிடையாது.

பிள்ளைகள் புள்ளி இழக்கும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். தருக்கக் கோவையைச் சுருக்க உதவும் கானோ வரைபடத்தின் நிரல்களை (மேலிருந்து கீழான வரிசைகளை) 00, 01, 10, 11 என்று எழுதுவார்கள். அடுத்தடுத்த நிரல்களில் ஒரு பிட் மட்டுமே மாறவேண்டும் என்பதால் 00, 01, 11, 10 என்பதே சரி. தொடக்கத்தில் பிழைத்தால் சுருக்கம் முழுவதும் பிழை. 192.168.10.0/24 வலையமைப்பை நான்கு உபவலைகளாகப் பிரிக்கச் சொன்னால் 2 பிட் கடன் வாங்கி /26 ஆக்குவார்கள், உபவலை மறைமூடி 255.255.255.192 என்றும் சரியாக எழுதுவார்கள். பிறகு ஒவ்வொன்றிலும் 64 கணினி இணைக்கலாம் என்று முடிப்பார்கள். வலையமைப்பு முகவரியையும் ஒலிபரப்பு முகவரியையும் கழித்தால் 62தான். பைதனில் ரேஞ்ச்(1, 5) என்றால் 1இல் தொடங்கி 4உடன் நின்றுவிடும் என்பது மறந்துபோகும். இன்புட் மூலம் வாங்கிய பெறுமானம் எழுத்துச் சரம். இன்ட் போட்டு எண்ணாக மாற்றாமல் கூட்டினால் 2உம் 3உம் சேர்ந்து 23 ஆகும். தாளில் உள்தள்ளல் ஒழுங்கில்லாமல் எழுதினால் எந்த வரி சுழற்சிக்குள் இருக்கிறது என்று திருத்துபவருக்கே விளங்காது. கோடிட்ட தாளில் ஒவ்வொரு மட்டத்துக்கும் ஒரே அளவு இடம் விட்டு எழுதப் பழக்குங்கள். நிரலை முதலில் தாளில் எழுதி, மாறிகளின் பெறுமானங்களை வரிவரியாக அட்டவணையில் குறித்து, கடைசியில் கணினியில் ஓட்டிப் பார்க்கும் வரிசையே பலன் தரும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கணினி வாங்கும் செலவை நினைத்துக் கலங்கவேண்டாம். 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய மேசைக் கணினியே பைதனுக்கும், இணையத்தளத்துக்கான பி.எச்.பி, தரவுத்தளத்துக்கான மைஎஸ்கியூஎல் பழக ஸாம்ப் மென்பொருளை நிறுவுவதற்கும் போதும். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குப் போனால் விலை உயர்ந்த விளையாட்டு லப்டொப்பைக் காட்டுவார்கள்; இந்தப் பாடத்துக்கு அது தேவையில்லை. தொலைபேசியில் மட்டும் பழகுவதுதான் சரிவராது.

பரீட்சையைத் தமிழ்மொழி மூலம் எழுதலாம். ஆனால் பல்கலைக்கழகத்தில் கணினிப் படிப்பு ஆங்கிலத்தில் நடக்கும். ஆகவே தமிழ்க் கலைச்சொல் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வரட்டும். தரம் 12இல் எழுதும் பொதுத் தகவல் தொழினுட்பப் பரீட்சை இதிலிருந்து வேறானது, இசட் புள்ளியில் சேராது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அரச பல்கலைக்கழகம் கிடைக்காமல் போனாலும் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி பி.ஐ.ரி (தகவல் தொழினுட்ப இளமாணி) பட்டம், அரச உயர் தொழினுட்பக் கல்வி நிறுவனமான ஸ்லியேட்டின் எச்.என்.டி.ஐ.ரி (தகவல் தொழினுட்ப உயர் தேசிய டிப்ளோமா), நாவலையில் இருக்கும் திறந்த பல்கலைக்கழகம் என வழிகள் உண்டு. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளைவிட இந்தத் துறையில் சுற்றுவழியாக வந்து சேர்வது எளிது.

விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்கும் முன் பாடசாலையில் மூன்று விடயங்களை நேரில் கேளுங்கள். ஐ.சி.ரிக்குத் தமிழ்மொழி மூலம் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா? வாரத்தில் எத்தனை பாடவேளை கணினி அறையில் நடக்கும்? சில வாரம் படித்துப் பார்த்துவிட்டு பாடத்தை மாற்ற விரும்பினால் எந்தத் திகதிவரை விடுவார்கள்? அந்த முதல் வாரங்களில் மகள் துவித எண்களையும் தருக்கப் படலைகளையும் எப்படிக் கையாள்கிறாள் என்று பக்கத்திலிருந்து கவனியுங்கள். அவை அவளுக்குப் பிடித்துப்போனால், இந்தத் தெரிவைப்பற்றி நீங்கள் பயப்படத் தேவையில்லை.