ஷவர் கண்ணாடிக் கதவில் படியும் வெண்படலத்தை எப்படி நீக்குவது, மீண்டும் படியாமல் எப்படிக் காப்பது?

கேள்வியின் சாரம் இது: வாரந்தோறும் தேய்த்துக் கழுவியும், ஈரமாக இருக்கும் வரை பளிச்சென்று தெரிகிற ஷவர் கதவு, காய்ந்ததும் பால் தெளித்தது போல மங்கிவிடுகிறது, எதைக் கொண்டு துடைத்தால் போகும், துடைத்த பிறகு நீர் ஒட்டாத பூச்சு ஒன்றைப் பூசினால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

கதவை மங்கவைப்பது, குளித்து முடித்த பிறகு அதன்மேல் தங்கி அப்படியே காய்ந்துபோகிற தண்ணீர்தான். எந்தக் கரைசலை வாங்குவது என்ற கேள்விக்கு நாம் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது அந்தத் தண்ணீரை உடனே வழித்துவிடுவதில் கொடுத்தால், கடினமாகத் தேய்க்க வேண்டிய வேலையே பெரும்பாலும் வராது. ஆனால் ஏற்கெனவே படிந்திருப்பதை முதலில் எடுத்தாக வேண்டும். அதற்கு, படிந்திருப்பது எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

குழாய்த் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் பைகார்பனேட்டுகளாகக் கரைந்திருக்கின்றன. துளி காயும்போது கரியமில வாயு வெளியேறிவிட, கால்சியம் கார்பனேட் வெள்ளையாகக் கண்ணாடியில் தங்கிவிடுகிறது. வெந்நீரில் இது இன்னும் விரைவாக நடக்கும். கடினத்தன்மை, அதாவது கரைந்துள்ள இந்த உப்புகளைக் கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்ட அளவு, ஒரு லிட்டரில் 120 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கடின நீர் என்றும், 180-க்கு மேல் போனால் மிகக் கடின நீர் என்றும் பொதுவாக வகுக்கிறார்கள். 200 மில்லிகிராம் உள்ள தண்ணீர், ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் வெறும் 50 மில்லி அளவு கதவில் தங்கிக் காய்ந்தால், ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம், ஓர் ஆண்டில் மூன்றரை கிராமுக்கு மேல் சுண்ணாம்புப் படிவு அந்தக் கண்ணாடியின் மேல் சேர்ந்துவிடும். ஒரு நாளில் கண்ணுக்கே தெரியாத ஒன்று சில மாதங்களில் கதவையே மறைத்துவிடுவது இப்படித்தான்.

இரண்டாவது படிவு சோப்பினால் வருவது. கட்டிச் சோப்பு என்பது கொழுப்பு அமிலங்களின் சோடிய உப்பு. அது கடின நீரில் உள்ள கால்சியத்தைச் சந்தித்ததும், தண்ணீரில் கரையாத, பிசுபிசுப்பான கால்சியம் உப்பாக மாறிக் கண்ணாடியில் அப்பிக்கொள்கிறது. நம் வீடுகளில் பெரும்பாலும் இந்த இரண்டும் அடுக்கடுக்காகக் கலந்தே இருக்கும். ஒன்றுக்கு மட்டும் மருந்து போட்டால் பாதி போய்ப் பாதி நிற்பதற்குக் காரணம் இதுவே.

மூன்றாவது நிலை படிவே அல்ல, கண்ணாடியே அரிக்கப்படுவது. சாதாரணக் கண்ணாடியில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு மேல், மணலின் முக்கியப் பொருளான சிலிக்கா இருக்கிறது. மீதியில் சோடியமும் கால்சியமும் முக்கியமானவை. ஈரம் நீண்ட நேரம் தேங்கி நின்றால் மேற்பரப்பிலுள்ள சோடியம் வெளியே கசிந்து, அந்த மெல்லிய நீர்ப்படலம் காரத்தன்மை பெறுகிறது. காரம் ஏற ஏற அது சிலிக்காவையே தின்னத் தொடங்கிவிடும். ஈரத்தில் மறைந்து காய்ந்ததும் தெரிகிற மங்கலைப் பார்த்து இது படிவா அரிப்பா என்று தீர்மானிக்க முடியாது. இரண்டிலுமே மேற்பரப்பு நுண்ணிய மேடுபள்ளமாகத்தான் இருக்கிறது. தண்ணீர் அந்தப் பள்ளங்களை நிரப்பும் வரை ஒளி சிதறாமல் ஊடுருவுகிறது, தண்ணீர் போனதும் சிதறுகிறது.

ஆகவே சோதித்துப் பார்ப்பதுதான் வழி. காய்ந்த கண்ணாடியில், மங்கல் அதிகமாக உள்ள ஓர் இடத்தை நகத்தால் மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். மெழுகைச் சுரண்டியது போல நகத்தின் அடியில் வெள்ளையாகச் சுருண்டு வந்தால் அங்கே சோப்புப் படிவு இருக்கிறது. நகம் வழுக்கிக்கொண்டு போய், சொரசொரப்பு மட்டும் தட்டுப்பட்டால், பஞ்சை வினிகரில் நனைத்து, ஒரு நாணயம் அளவுக்கு அதே இடத்தில் பத்து நிமிடம் ஒட்டி வையுங்கள். கார்பனேட் தடிமனாக இருந்தால் ஓரங்களில் நுண்ணிய குமிழிகள் வருவதைப் பார்க்கலாம்; மெல்லியதாக இருந்தால் குமிழி தெரியாது, ஆனால் கழுவித் துடைத்ததும் அந்த வட்டம் மட்டும் தெளிந்து நிற்கும். சில முறை செய்தும் வட்டம் கொஞ்சமும் தெளியவில்லை என்றால், அது அமிலத்தில் கரையாத சிலிக்காப் படிவாக இருக்கலாம், அல்லது கண்ணாடி அரித்துப்போயிருக்கலாம்.

வட்டம் தெளிந்தால் நல்ல சேதி. அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஏறத்தாழ 30 கிராம் சிட்ரிக் அமிலத் தூளைக் கரைத்து, பாத்திரம் துலக்கும் திரவத்தைச் சில சொட்டுகள் சேர்த்துக்கொள்ளுங்கள். தூள் கிடைக்காவிட்டால் ஐந்து சதவீத வெள்ளை வினிகர் போதும். எனக்கு அதன் நெடி பிடிக்காததாலும், சிட்ரிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் தன்மை உள்ளது என்பதாலும் நான் தூளையே விரும்புகிறேன். அந்தச் சில சொட்டுத் திரவத்தை அற்பமாக நினைக்க வேண்டாம். அமிலம் சோப்புப் படிவிலிருந்து கால்சியத்தைப் பிரித்தெடுத்த பிறகும் கொழுப்பு அமிலம் மெழுகாக அங்கேயே கிடக்கும். அதைத் தூக்கிக்கொண்டு போவது இந்தத் திரவம்தான். வெறும் வினிகரை அடித்துவிட்டுப் பலனில்லை என்று கைவிடுகிறவர்களில் பலருக்குக் குறையாக இருந்தது இந்த ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

செங்குத்தான கதவில் எந்தக் கரைசலும் நிற்காமல் வழிந்து ஓடிவிடும் என்பது அடுத்த சிக்கல். அமிலத்துக்கு வேண்டியது நேரம். மெல்லிய துணியையோ டிஷ்யூ தாளையோ கரைசலில் நனைத்துக் கண்ணாடியின் மேல் சுருக்கமில்லாமல் ஒட்டிவிட்டு, பதினைந்து இருபது நிமிடம் காயாமல் அவ்வப்போது மேலே தெளித்துக்கொண்டிருங்கள். பிறகு கீறாத வகை ஸ்பஞ்சால் தேய்த்து, மேலிருந்து கீழாக நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே துடைத்துவிடுங்கள். நாள்பட்ட படிவு ஒரே முறையில் போகாது. கரைசலின் வீரியத்தைக் கூட்டுவதைவிட இதையே திரும்பச் செய்வதுதான் நல்லது. கழிவறைக்கென்று விற்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கொண்டுவந்து ஊற்ற வேண்டாம்: அதன் ஆவி மூச்சுக்குக் கேடு, கீல்களிலும் கைப்பிடியிலும் உள்ள குரோமையும் துருப்பிடிக்காத எஃகையும் அரித்துவிடும். வினிகரும் சிட்ரிக் அமிலமுமே பளிங்கு, சுண்ணாம்புக்கல் போன்ற இயற்கைக் கற்களைத் தின்னும் என்பதால், சுவரோ தரையோ அத்தகைய கல்லாக இருந்தால் அந்தப் பக்கம் ஒரு சொட்டுகூட வழியவிடக் கூடாது. ஓடுகளுக்கு இடையிலுள்ள சிமெண்டுப் பூச்சை முன்கூட்டியே தண்ணீரால் நனைத்துவைத்தால் அமிலம் அதற்குள் அதிகம் இறங்காது.

சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்து பொங்கவிடும் குறிப்பு எங்கும் காணக் கிடைக்கிறது. பொங்குவது பார்க்க நன்றாக இருக்கிறதே தவிர, அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான் மிஞ்சுகிறது. இதில் ஆபத்தாவது இல்லை. வினிகரையோ சிட்ரிக் அமிலத்தையோ பிளீச்சுடன் கலந்தால் குளோரின் வாயு வெளிவரும். கதவு சாத்திய சிறிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. பூஞ்சைக்காகப் பிளீச் பயன்படுத்த வேண்டுமானால் வேறொரு நாளில், கண்ணாடியையும் தரையையும் நன்றாகக் கழுவிய பிறகு பயன்படுத்துங்கள்.

தேய்க்கும் பொருளைத் தேர்ந்தெடுக்க, எது எதைக் கீறும் என்பதை வைத்துப் பொருள்களை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் கடினத்தன்மை அளவுகோல் நல்ல வழிகாட்டி. கண்ணாடி ஏறத்தாழ 5.5, கால்சியம் கார்பனேட் 3, சமையல் சோடா 2.5. ஆகவே சமையல் சோடாவைத் தண்ணீர் விட்டுக் குழைத்துத் தேய்ப்பது கண்ணாடியைக் கீறாது. மணலும் குவார்ட்ஸ் தூளும் 7. அவை கலந்த துலக்கும் பொடிகளை இங்கே தொடவே கூடாது. பிளேடால் சுரண்டுவதையும் நான் ஏற்பதில்லை. ஷவர் கதவுகள் பொதுவாகச் சூடேற்றித் திடீரெனக் குளிரவைத்த டஃபன்ட் கண்ணாடி. அந்தத் தயாரிப்பின்போது மேற்பரப்பில் ஒட்டிக்கொண்ட நுண்துகள் ஒன்று பிளேடில் மாட்டினால், அதை இழுத்துச் செல்லும் தூரமெல்லாம் கீறல் விழும்.

சோதனை வட்டம் தெளியவில்லை என்றால், சீரியம் ஆக்சைடு தூளைத் தண்ணீரில் குழைத்துக் கம்பளித் திண்டால் பொறுமையாக மெருகேற்றிப் பார்க்கலாம். லேசான அரிப்பு குறையும். ஆழமான அரிப்பைத் தேய்த்து எடுக்க முயன்றால் கண்ணாடி அலையலையாகத் தெரிய ஆரம்பிக்கும். அந்த நிலையில் கண்ணாடியை மாற்றுவதுதான் ஒரே வழி.

இனி மீண்டும் படியாமல் காப்பது. ஒரு ரப்பர் வைப்பரைக் குளிக்கும் இடத்திலேயே, கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டிவையுங்கள். அலமாரிக்குள் இருக்கும் வைப்பரை ஒருவரும் எடுக்கமாட்டார்கள். கடைசியாகக் குளிப்பவர் ஷவரை நிறுத்தியதும், கண்ணாடியின் மேல் விளிம்பில் விரல் அகலத்துக்குத் துணியால் துடைத்துவிட்டு, அந்த உலர்ந்த கோட்டிலிருந்து வைப்பரைச் சாய்வாகப் பிடித்து நேர்கீழாக இழுக்க வேண்டும். ஒவ்வோர் இழுப்பும் முந்தைய தடத்தின் மேல் சிறிது ஏறியிருக்கட்டும். இழுப்புக்கு இழுப்பு ரப்பரைத் துணியில் ஒற்றிவிட்டால் கோடு விழாது. மேல் விளிம்பை உலர்த்தாமல் தொடங்கினால், நனைந்த விளிம்பில் ரப்பர் திணறி, மேலிருந்து துளிகள் மறுபடி வழிந்து வரும். பழகிவிட்டால் ஒரு நிமிடம்கூட ஆகாது. ரப்பரின் ஓரம் உருண்டுவிட்டால் மாற்றிவிடுங்கள், அல்லது பட்டையைத் திருப்பிப் போடுங்கள்.

கட்டிச் சோப்புக்குப் பதிலாகத் திரவ பாடிவாஷுக்கு மாறுவது அடுத்த பெரிய மாற்றம். அவற்றில் பெரும்பாலானவை சோப்பு வகையைச் சேராத நுரைப்பான்களால் ஆனவை என்பதால், கால்சியத்துடன் சேர்ந்து அந்தப் பிசுக்கை உண்டாக்குவதில்லை. காற்றுவெளியேற்றும் மின்விசிறியைக் குளித்த பிறகும் சிறிது நேரம் ஓடவிடுங்கள். துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியைத் துவைக்கும்போது துணி மென்மையூட்டி சேர்க்காதீர்கள். அது துணியில் தங்கிக் கண்ணாடியில் எண்ணெய்ப் படலமாக இறங்கும். கதவின் அடியில் உள்ள ரப்பர் பட்டையிலும் அலுமினியச் சட்டத்தின் பள்ளத்திலும் தேங்கும் நீர்தான் கறுப்புப் பூஞ்சையின் இருப்பிடம். பழைய பல்துலக்கியால் அவ்வப்போது தேய்த்து வடித்துவிட்டால் போதும், மஞ்சளாகி இறுகிப்போன பட்டையைக் கழற்றிவிட்டுப் புதியதைச் செருகிவிடலாம். கடினத்தன்மை மிக அதிகமாக இருக்கும் வீடுகளில் அயனிப் பரிமாற்ற முறையில் இயங்கும் நீர் மென்மையாக்கி பலன் தரும். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. அதன் பிறகும் துளிகள் காய்ந்த இடத்தில் தடம் இருக்கும், ஆனால் அது தண்ணீரிலேயே கரைந்து போகும் உப்பு.

பூச்சைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சிலிக்கான் சேர்ந்த நீர்விலக்கிப் பூச்சு, கண்ணாடியில் பரவி நிற்கும் நீரை உருண்டையான துளிகளாக்கி உருட்டிவிடுகிறது; வைப்பர் வேலையும் லேசாகிறது. ஆனால் உருளாமல் ஒட்டிக்கொண்ட துளிகள் அங்கேயே காய்ந்து புள்ளிகளாக நிற்கும் என்பதால், பூச்சு இருந்தாலும் வழிப்பது நிற்கக் கூடாது. பூசிய பிறகு சொரசொரப்பான ஸ்பஞ்சும் கடுமையான காரக் கரைசல்களும் அதைத் தேய்த்துக் கரைத்துவிடும். தண்ணீர் தெளித்தால் துளியாகத் திரளாமல் தட்டையாகப் பரவத் தொடங்கும்போது மறுபடி பூச வேண்டும். உங்கள் கதவில் வினிகர் வட்டம் தெளிந்தால், முழுக் கதவையும் அதே தெளிவுக்குக் கொண்டுவந்து, ஓர் இரவு உலரவிட்டு, பிறகு பூசுங்கள். தெளியாவிட்டால் பூச்சுக்குச் செலவழிக்க வேண்டாம். அரித்துப்போன கண்ணாடியின் மங்கலை அது மறைக்காது.