மேலே போய்க் காத்திருக்கும் பார்ட்னரை என்ன செய்வது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இன்னும் பத்து வாரத்தில் மலைச் சைக்கிள் ரேஸ். இரண்டு பேர் ஒரு டீம், இரண்டாவதாக வந்து சேருபவரின் நேரம்தான் கணக்கு. என் பார்ட்னர் என்னைவிட நல்ல வேகம். ஞாயிறுதோறும் சேர்ந்துதான் ஓட்டுகிறோம். ஒவ்வொரு ஏற்றத்திலும் அவன் முன்னால் போய் மேலே காத்திருப்பான், நான் போய்ச் சேர்ந்ததும் கிளம்பிவிடுவான். செவ்வாய் வரை கால் வலி போவதில்லை. பேசாமல் தனித்தனியாகப் பயிற்சி எடுத்துவிட்டு ரேஸ் அன்று சேர்ந்தால் என்ன?

பதில்: அதுவும் உதவாது, இப்போது செய்வதும் உதவாது. அவர் காத்திருக்கும் நேரத்தில் ஓய்வெடுத்துவிடுகிறார், நீங்கள் வந்ததும் கிளம்புகிறார், ஆக யாருக்கு ஓய்வு தேவையோ அவருக்குத்தான் அது கிடைப்பதில்லை. ஞாயிறு முழுக்க நீங்கள் ரேஸ் ஓட்டுகிறீர்கள், அவர் உலாப் போகிறார். இதில் இரண்டு பேருக்கும் லாபம் இல்லை.

தார்ச்சாலையில் என்றால் வலுவானவரின் பின்சக்கரத்தை ஒட்டியபடி காற்றிலிருந்து தப்பித்து ஓட்டலாம், சமதளத்தில் அது பெரிய மிச்சம். மலைப்பாதை ஏற்றத்தில் வேகமே மணிக்கு எட்டு, பத்து கிலோமீட்டர்தான், அந்த வேகத்தில் காற்று ஒரு பொருட்டே இல்லை. உங்கள் உடம்பையும் சைக்கிளையும் மேலே தூக்குவதில்தான் சக்தி எல்லாம் போகிறது, அந்த வேலையை உங்களுக்காக வேறு யாரும் செய்ய முடியாது. அதனால்தான் சாலையில் தெரியாத வித்தியாசம் மலையில் பளிச்சென்று தெரிகிறது.

இப்படிச் செய்து பாருங்கள். நீண்ட தூரம் மெதுவாக ஓட்டும் நாளில் நீங்கள் முன்னால் போங்கள். ஏற்றத்திலும் மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் போதும், பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம். அவருக்கு அலுக்கும், அலுக்கட்டும். கடினமான நாளில் தூரத்தை மறந்துவிட்டுக் கடிகாரத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஏற்றத்தின் அடியிலிருந்து சேர்ந்து கிளம்பி, 4 நிமிடம் அவரவர் பலத்துக்கு மிதித்து, நேரம் முடிந்ததும் இருந்த இடத்திலேயே திரும்பிவிடுங்கள். முன்னால் போனவர் கொஞ்சம் அதிக தூரம் இறங்கி வருவார், அவ்வளவுதான். மூச்சு தணிந்ததும் மறுபடி சேர்ந்து கிளம்புங்கள், ஐந்து முறை போதும். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம், இரண்டு பேருமே களைத்துப்போவீர்கள். மீதி நாட்களில் அவரவர் தனியாக ஓட்டலாம், அங்கே அவர் தன் ஆசைப்படி எவ்வளவு வேகம் வேண்டுமானாலும் போகட்டும்.

அப்புறம், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒத்திகை மாதிரி ஒரு நாள் வையுங்கள். ரேஸுக்கு எடுத்துப்போகும் அதே பை, அதே சாப்பாடு, முடிந்தால் அதே மாதிரி தரை. யார் எங்கே முன்னால் போவது என்பதை அன்றைக்கு முடிவு செய்யலாம். காற்றடிக்கும் சமதளத்தில் அவர் முன்னால், ஏற்றத்தில் நீங்கள் முன்னால், இறக்கத்தில் யாருக்குக் கை பழகியிருக்கிறதோ அவர் முன்னால் என்பது என் கணக்கு. ஏற்றத்தில் பின்னால் வருகிறவர் ஒரு சைக்கிள் நீளமாவது விட்டு வரட்டும், சக்கரத்தைக் கொண்டுவந்து ஒட்டினால் அது விரட்டுவது போலத்தான் இருக்கும்.

போட்டி விதிகளையும் இப்போதே படித்துவிடுங்கள். தென்னாப்பிரிக்காவில் 2004 முதல் நடக்கும் கேப் எபிக் இரண்டு பேர் டீமாக எட்டு நாள் ஓட்டும் ரேஸ், அதில் டீமில் உள்ள இருவருக்கும் நடுவே 2 நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழக்கூடாது, விழுந்தால் தண்டனை நேரம் உண்டு. உங்கள் ரேஸிலும் அப்படி ஏதாவது இருந்தால் மேலே போய்க் காத்திருக்கும் பழக்கம் அங்கே செல்லாது.

கேள்வி: இறக்கத்தில் பார்ட்னரின் பின்னால் போனால் பயம் குறையும் என்கிறார்கள். எனக்கு அதிகமாகிறது.

பதில்: அவருடைய பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு போகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிப் பார்த்தால் அவர் பிரேக் பிடித்த பிறகுதான் உங்களுக்குத் தெரியும், கல்லும் வேரும் சக்கரத்தின் அடியில் வந்த பிறகுதான் தெரியும். இடைவெளியைக் கூட்டுங்கள், அவர் தோளுக்கு மேலாகப் பாதை திரும்பும் இடத்தைப் பாருங்கள். பயமுறுத்தும் இடத்தில் சைக்கிளை ஓரமாக வைத்துவிட்டு நடந்து போய்ப் பாருங்கள், எந்தக் கல்லுக்கு எந்தப் பக்கம் போவது என்று இருவரும் பேசி, அந்த இருபது மீட்டரை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். டயரில் காற்றைக் கல் மாதிரி அடித்து வைத்திருந்தாலும் பிடிமானம் போய்விடும். அவர் வைக்கும் அழுத்தத்தை அப்படியே வைக்காதீர்கள், எடை குறைந்தவருக்குக் குறைவான காற்று போதும்.

கேள்வி: ஸ்பேர் சாமான்களை ஒருவரே சுமந்தால் போதுமா?

பதில்: பம்ப்பும் செயின் கருவியும் ஒன்று இருந்தால் போதும், வலுவானவர் பையில் போகட்டும். ட்யூப் ஆளுக்கு ஒன்று. செயின் இணைப்பு லிங்க்கைப் பொதுவாக வைக்குமுன் பின்பக்கம் எத்தனை பல்சக்கரம் என்று பாருங்கள், ஒருவருடையது 11, மற்றவருடையது 12 என்றால் தனித்தனி லிங்க் வேண்டும். பின்பக்கம் கியர் மாற்றும் கருவியைத் தாங்கும் ஹேங்கர் சைக்கிளுக்குச் சைக்கிள் மாறலாம், ஒரு விழுதலில் வளைந்துபோகிற சாமான் அது, அதனால் அவரவர் ஹேங்கர் அவரவரிடம். சின்னச் சாமான்தான், ஆனால் அது இல்லாமல் ரேஸைப் பாதியில் விட்டு நடந்து வருகிறவர்கள் உண்டு.

கேள்வி: என் பார்ட்னர் வழியில் எதுவும் சாப்பிடமாட்டார். மூன்றாவது மணி நேரத்தில் எரிந்து விழுகிறார்.

பதில்: பசிதான், வேறொன்றும் இல்லை. இரண்டு மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும், பசி வந்த பிறகு தொடங்கினால் ஈடுகட்ட முடியாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரம் அடிக்கும்படி வைத்து, அடித்தால் இருவரும் வாயில் போட வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். நீங்கள் சாப்பிடு என்றால்தான் சண்டை வரும், கடிகாரத்தோடு யாரும் சண்டை போடமாட்டார்கள்.

கேள்வி: கடைசி வாரம் இன்னும் கொஞ்சம் கூட்டி ஓட்டலாமா? நடுவில் காய்ச்சலில் ஒரு வாரம் போய்விட்டது.

பதில்: வேண்டாம். காய்ச்சலில் விட்டுப்போன வாரத்தைக் கடைசி வாரத்தில் பிடிக்க முடியாது, களைப்புதான் மிஞ்சும். வழக்கமாக ஓட்டும் நேரத்தைப் பாதியாக்குங்கள், ஆனால் நடுவில் இரண்டு மூன்று முறை ஒரு நிமிட வேகத்தை விட்டுவிடாதீர்கள், கால் மந்தமாகாமல் இருக்கும். காய்ச்சல் வந்ததைப் பார்ட்னரிடம் சொல்லிவிட்டீர்களா? சொல்லாவிட்டால் இன்றே சொல்லுங்கள், அவர் முதல் ஏற்றத்தின் வேகத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளட்டும். புது சீட், புது ஷூ எதுவும் இந்த வாரம் மாட்ட வேண்டாம்.