வெள்ளைத்தாளுக்கு முன்னால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன கட்டுரையில் புகைப்படக்காரர் ரிச்சர்ட் அவெடனை மிகவும் புகழ்ந்துவிட்டீர்கள். ஃபேஷன் பத்திரிகைகளில் பேர் வாங்கிய நியூயார்க்காரர், சுரங்கத் தொழிலாளிகளையும் நாடோடிகளையும் படமெடுத்து அருங்காட்சியகத்தில் மாட்டினார். சுரண்டல் இல்லையா இது?

ர., மதுரை

அன்புள்ள ர.,

அந்தப் படங்கள் காட்சிக்கு வந்த 1985-லேயே இதைக் கேட்டுவிட்டார்கள். டெக்சஸின் ஏமன் கார்ட்டர் அருங்காட்சியகத்துக்காக 1979 முதல் 1984 வரை அவெடன் அமெரிக்க மேற்கில் அலைந்தார். 752 பேர், சுமார் 17,000 ஃபிலிம். அந்தப் பகுதிக்காரர்கள் பலருக்குக் கோபம்: எங்கள் ஊரில் சிரித்த முகமே இல்லையா?

நியாயமான கோபம்தான். ஆனால் எடுத்த விதத்தைப் பாருங்கள். நிழலில் ஒரு வெள்ளைத்தாள். அதன்முன் ஆள். முக்காலியில் பெரிய கேமரா, ஒவ்வொரு ஃபிலிமும் 8-க்கு 10 அங்குலம். அவெடன் கேமராவுக்குப் பின்னால் ஒளியாமல் பக்கத்தில் நின்று, ஆளைக் கண்ணுக்குக் கண் பார்த்தபடி எடுப்பார். ஏழையின் படம் என்றால் நமக்குப் பின்னணியில் ஒழுகும் கூரை வேண்டும். 'ஐயோ பாவம்' என்றுவிட்டு நகர்ந்துவிடலாம். அவெடன் கூரையையே நீக்கிவிட்டார்.

ஸ்வீட்வாட்டர் ஊரில் எடுத்த 13 வயதுப் பையன் படம் இருக்கிறது. பாம்புத் தோல் உரிப்பவன். ஏப்ரானில் ரத்தம், கையில் வயிறு கிழிந்த நீளப் பாம்பு, குடல் தொங்குகிறது. அவன் முகத்தில் கெஞ்சல் துளியும் கிடையாது. நம்மைத்தான் எடைபோடுகிறான்.

ஏழைகளிடம் மட்டும் இப்படி நடந்துகொண்டார் என்றும் சொல்ல முடியாது. 1957-ல் வின்ட்சர் கோமகனும் (முடி துறந்த முன்னாள் பிரிட்டிஷ் மன்னர்) மனைவியும் பழகிய புன்னகையோடு வந்து உட்கார்ந்தார்கள். இருவருக்கும் நாய் என்றால் உயிர். 'வரும் வழியில் என் டாக்சி ஒரு நாய்மேல் ஏறிவிட்டது' என்று அவெடன் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார். முகங்கள் விழுந்தன, கிளிக். சாகக் கிடந்த சொந்த அப்பாவையும் ஆண்டுக்கணக்கில் எடுத்தார். 1974-ல் அந்தப் படங்கள் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தொங்கின.

எனக்கு உறுத்துவது வேறு படம். வெற்று மார்பில் தேனீக்கள் மொய்க்க நிற்கும் மொட்டைத்தலை மனிதர். தேனீ வளர்ப்போர் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துத் தேடிப்பிடித்த ஆள். ராணித் தேனீயின் வாசனைப்பொருளை உடம்பில் தடவி எடுத்தது. அபாரமான படம், மறுக்கவில்லை. ஆனால் வழியில் தற்செயலாகக் கண்டவர்கள் நடுவே இவரையும் மாட்டியபோது, மற்ற படங்களிலும் எவ்வளவு ஜோடனை என்று கேட்க நமக்கு உரிமை வந்துவிடுகிறது. சுரண்டல் என்பதை விட்டுவிட்டு இதைக் கேட்டிருந்தால், ர., உங்கள் பக்கம்தான் நின்றிருப்பேன்.