மைக் அனுமதி இருந்தும் பறைக்குப் புகார் ஏன்?

கேள்வி: மும்பை செம்பூரில் ஒரு தமிழர் நலச் சங்கத்தின் செயலாளர் நான். மாநகராட்சி குத்தகைக்குக் கொடுத்த சின்னக் கூடத்தில் ஞாயிறு மாலை பறை வகுப்பும், தை மாதம் வாசலில் பொங்கல் விழாவும் நடத்துகிறோம். விழாவுக்குக் காவல் நிலையத்தில் மைக் அனுமதி வாங்கினோம். அப்படியும் யாரோ புகார் கொடுத்து, வகுப்பு நடக்கும்போது போலீஸ் வந்தது. பிறகு வார்டு ஆபீஸிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம். லாப நோக்கில்லாத சங்கத்துக்குச் சலுகை கிடையாதா? கூடம் கைவிட்டுப் போய்விடுமா?

பதில்: சலுகை கிடையாது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் ஒலி எவ்வளவு, எந்த நேரம், எந்த இடம் என்று மட்டுமே பார்க்கின்றன. எழுப்பியவர் அறக்கட்டளையா, கல்யாண மண்டபமா என்பது அவற்றுக்குப் பொருட்டல்ல.

நீங்கள் வாங்கிய அனுமதி விழா நாளில் ஒலிபெருக்கி வைப்பதற்கானது. வாராந்தர வகுப்பை அது காப்பாற்றாது. மைக் இல்லாத பறைக்கு எதற்கு அனுமதி என்று கேட்பீர்கள். பகலில் ஒலிபெருக்கி அனுமதி அதற்குத் தேவையில்லைதான். ஆனால் 2010 திருத்தத்துக்குப் பிறகு வாத்தியங்களும் விதிக்குள் வந்துவிட்டன. குடியிருப்புப் பகுதியில் காலை 6 முதல் இரவு 10 வரை ஒலி வரம்பு 55 டெசிபல், இரவில் 45. தனியார் இடத்தில் எழும் ஒலி அதன் எல்லையில் இந்த வரம்பை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. அதாவது பகலில் உங்கள் மதில் ஓரம் 60. இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்வதே ஏறக்குறைய அந்த அளவுதான். ஜன்னலைத் திறந்து வைத்துப் பத்துப் பிள்ளைகள் பறை அடித்தால் அது எங்கே நிற்கும்! பொது இடத்தில் நடக்கும் விழாவுக்குக் கொஞ்சம் தாராளம்: குடியிருப்புப் பகுதி என்றால் எல்லையில் 65 வரை. மைக் அனுமதி கையில் இருந்தாலும் இந்த அளவுகள் மாறாது.

இரவு 10 மணிக்கு மேல் மூடிய அரங்குக்குள் தவிர ஒலிபெருக்கியும் கூடாது, வாத்தியமும் கூடாது. ஆண்டுக்கு 15 நாள் வரை நள்ளிரவு 12 மணிவரை தளர்வு உண்டே என்பார்கள். அந்த நாட்களை அரசு அறிவிக்கும். சங்கத்துக்குச் சங்கம் 15 நாள் என்று கணக்கு கிடையாது. பொங்கல் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிகழ்ச்சி நிரலைப் போடுங்கள்.

புகார் கொடுத்தது யார் என்று தேடாதீர்கள். குர்லா நேரு நகர் குடியிருப்போர் தொடுத்த வழக்கில் 2025 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம், புகார்தாரரின் அடையாளத்தை எதிர்த்தரப்புக்குச் சொல்லக் கூடாது என்று போலீஸுக்கு உத்தரவிட்டிருக்கிறது. முதல் முறை எச்சரிக்கை, அடுத்து அபராதம், அதற்கும் மேல் போனால் கருவி பறிமுதல் என்று படிப்படியாக நடவடிக்கை எடுக்கவும் சொன்னது. வழக்கு மதத் தலங்களின் ஒலிபெருக்கியைப் பற்றியது. இருந்தாலும் காவல் நிலையங்கள் இப்போது ஒலிப் புகாரை லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

சரி, வார்டு ஆபீஸ் கடிதம். மைக்கை நிறுத்தும் அதிகாரம் போலீஸிடம். மாநகராட்சியின் கையில் இருப்பது இடம். தெருவில் பந்தல் போட அனுமதி, கூடத்தின் குத்தகை இரண்டும் அங்கேதான். அதனால் புகார் சத்தத்தைப் பற்றி வந்தாலும், அதைச் சாக்காக வைத்து உங்கள் கோப்பு முழுவதும் திறக்கப்படும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் டெசிபலைவிட இதற்குத்தான் அதிகம் கவலைப்படுவேன். கூடத்தைப் பிறந்தநாள், நிச்சயதார்த்தம் என்று வாடகைக்கு விட்டதுண்டா? குத்தகை ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இல்லையென்றால் முதலில் அதை நிறுத்துங்கள். அப்புறம், கடிதத்தில் கையெழுத்திடப் போகும் உங்கள் பெயர், அறக்கட்டளைகளைப் பதிவு செய்யும் அறநிலைய ஆணையர் (சாரிட்டி கமிஷனர்) அலுவலகப் பதிவில் இருக்கிறதா? மகாராஷ்டிரப் பொது அறக்கட்டளைச் சட்டப்படி நிர்வாகிகள் மாறினால் 90 நாளுக்குள் அந்த மாற்றத்தைத் தெரிவிக்கும் சேஞ்ச் ரிப்போர்ட்டை அங்கே தாக்கல் செய்ய வேண்டும். பல சங்கங்களில் பழைய செயலாளர் ஊருக்குப் போய் ஆண்டுக்கணக்காகியும் பதிவேட்டில் அவர் பெயரே நிற்கும்.

பதிலை நேரில் போய்ச் சொல்லிவிட்டு வராமல் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். உள்ளடக்கம் ஒரு பக்கம் போதும்: பதிவு எண், வகுப்பு நடக்கும் நேரம், விழா அனுமதியின் நகல், இனி செய்யப்போகும் மாற்றம். சேவைப் பட்டியலும் பாராட்டுப் பத்திரங்களும் வேண்டாம், யாரும் படிக்கப் போவதில்லை. கூடம் உடனே போய்விடுமோ என்ற பயமும் வேண்டாம். குத்தகை நிபந்தனையை மீறாமல், பதிலும் கொடுத்துவிட்ட சங்கத்தை ஒற்றைப் புகாருக்காகக் காலி செய்யச் சொல்வது எளிதல்ல.

வகுப்பை ஜன்னல் இல்லாத பக்கத்து அறைக்கு மாற்றுங்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் முதலில் பறையின் மேல் துணி போட்டு அடித்துப் பழகட்டும். செல்போன் செயலியில் மதில் ஓரம் அளந்து பாருங்கள். அது சாட்சியமாக நிற்காது, உங்களுக்கு ஒரு மதிப்பீடு கிடைக்கும். பொங்கல் விழாவுக்கு முன்பே பக்கத்துக் கட்டட சொசைட்டிக்குத் தொடங்கும் நேரம், முடியும் நேரம், ஒரு தொடர்பு எண் மூன்றையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்த எண்ணை விழா நடக்கும்போது யாராவது எடுத்துப் பேச வேண்டும்.