ரேஷன் அரிசி இலவசமாகக் கிடைத்தும் தர்மபுரியில் ஏழைகளின் உடல்நலம் ஏன் கெடுகிறது?

இலவச அரிசி பசியைத் தடுக்கிறது. ஆனால் பருப்பும் முட்டையும் காய்கறியும் கையிலுள்ள கூலியைப் பொறுத்தவை. வாடகையையும் கடன் தவணையையும் குறைக்க முடியாது என்பதால், விலைவாசி ஏறும்போது குடும்பம் முதலில் கை வைப்பது குழம்பில்தான். வயிறு நிறைந்தும் இரத்தசோகை வருவது இதனால்தான். கடைசியாகச் சாப்பிடும் பெண்களுக்கு அது இன்னும் அதிகம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இதோடு தண்ணீரும் சேர்கிறது. நிலத்தடி நீரில் ஃபுளூரைடு பல இடங்களில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டுவதால், பற்கள் பழுப்பேறுகின்றன. நெடுங்காலம் குடித்தவர்களுக்கு மூட்டும் முதுகும் இறுகிவிடுகின்றன. சுண்ணாம்புச் சத்து குறைவாக உண்பவர்களை அது கூடுதலாகத் தாக்கும். பால் வாங்க முடியாத வீடும் கேன் தண்ணீர் வாங்க முடியாத வீடும் பெரும்பாலும் ஒரே வீடுதான். 2013இல் தொடங்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பெரிய மாற்றம் என்றாலும், குழாயில் நீர் வராத நாளில் ஆழ்துளைக் கிணற்றுக்கே திரும்ப நேர்கிறது. தர்மபுரி ரேஷன் கடைகளில் 2023 முதல் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு பெறும் வசதி வந்தது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த அதைத் தவறாமல் வாங்க வேண்டும் என்பேன்.

அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். போய்வரும் நாளின் கூலி போய்விடும். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குச் செல்பவர் சர்க்கரை மாத்திரையை இடையில் விடுவது அலட்சியத்தால் அன்று. 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், மாத்திரையை வாசலுக்கே கொண்டுவந்து இந்த இழப்பைக் குறைக்கிறது. ஊரில் இல்லாதவருக்கோ அது எட்டுவது கடினம்.