‘நீர்’ யாருக்கு, ‘நீ’ யாருக்கு?

கேள்வி: எங்கள் ஆலயத்தைப் பெருக்கி, மணியடிக்கும் பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேலாகிறது. கமிட்டி அங்கத்தினர்களை ‘ஐயா’ என்று அழைக்கும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள், அவரைப் பெயர் சொல்லி ‘நீ’ என்கிறார்கள். கண்டித்தபோது, “தேவனுக்கு முன் எல்லாரும் சமம்தானே, மரியாதைச் சொல்லில் என்ன இருக்கிறது?” என்று பெற்றோரே கேட்கிறார்கள். வேதம் என்ன சொல்கிறது? – ஒரு வாசகி

பதில்: சகோதரி, எல்லாரும் சமம் என்பது அந்தப் பெற்றோரின் உண்மையான நம்பிக்கையானால், கமிட்டி அங்கத்தினரையும் அவர்களுடைய பிள்ளைகள் ‘நீ’ என்றே அழைத்திருக்க வேண்டும். ஒருவருக்கு ‘ஐயா’வும் மற்றவருக்கு ‘நீ’யும் கொடுப்பதைத்தான் யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பட்சபாதம் என்கிறார். அங்கே பொன்மோதிரம் அணிந்து ஆலயத்துக்கு வருகிறவனிடம், “ஐயா, நீர் இந்த நல்ல இடத்தில் உட்காரும்” என்கிறார்கள். கந்தையுடுத்தின தரித்திரனிடம், “நீ அங்கே நில்லு” என்கிறார்கள். மூலமாகிய கிரேக்கத்தில் இருவருக்கும் ஒரே முன்னிலைச் சொல்தான். நம் பழைய மொழிபெயர்ப்பில்தான் அது ‘நீர்’ என்றும் ‘நீ’ என்றும் பிரிந்து நிற்கிறது. பெயர்த்தவர்கள் நம் ஊர்ப் பேச்சை நன்றாகக் கேட்டிருக்கிறார்கள் என்று அந்த வசனத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

“கனம்பண்ணுகிறதிலே ஒருவருக்கொருவர் முந்திக்கொள்ளுங்கள்” என்று ரோமர் 12:10-இல் பவுல் எழுதுகிறார். மற்றவர் நமக்கு மரியாதை தரட்டும், பிறகு நாம் தருவோம் என்று காத்திருக்க இந்த வசனம் இடங்கொடுப்பதில்லை. இங்கே ‘கனம்’ என்று வரும் கிரேக்கச் சொல்லே, “கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்களே” என்னும் 1 கொரிந்தியர் 6:20-இல் ‘கிரயம்’ என்று வருகிறது. ஆகவே ஒரு விசுவாசியைக் கனம்பண்ணுவது, கிறிஸ்து அவருக்காகச் செலுத்திய விலையை ஒப்புக்கொள்வதே ஆகும். அவருடைய பதவிக்கோ வருமானத்துக்கோ அதில் வேலையில்லை. வயதைப் பொறுத்தமட்டிலோ, முதிர்வயதுள்ளவரைத் தகப்பனைப்போல் நடத்தும்படி 1 தீமோத்தேயு 5:1 தெளிவாகவே கட்டளையிடுகிறது.

இது நம் சபைகளில் இன்று முளைத்த குறையும் அல்ல. தமிழ்ச் சபைகளில் சாதிப்படி உட்காருவதையும் நற்கருணைக்கு வருவதையும் கைவிட வேண்டும் என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் எழுதியபோது, அதை ஏற்க மனமில்லாமல் பலர் சபையைவிட்டே விலகினார்கள். இருக்கைகள் ஒன்றான பிறகும், யாரை எப்படி அழைக்கிறோம் என்பதில் அந்தப் பழக்கத்தின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருப்பதை நான் வேதனையோடு பார்க்கிறேன்.

பிள்ளைகளைக் கண்டிப்பதால் மட்டும் இது மாறாது, ஏனெனில் வீட்டில் கேட்டதையே அவர்கள் பேசுகிறார்கள். வருகிற ஞாயிறு, அவர்கள் காதில் விழும்படி நீங்களே அப்பெரியவரை ‘ஐயா’ என்று அழைத்து நலம் விசாரியுங்கள். உங்கள் ஊர் அசனத்தில், அதாவது சபையார் கூடி உண்ணும் விருந்தில், எல்லாரும் உண்டபின் அவர் தனியே ஓரமாக அமர்ந்து சாப்பிடுகிறவராக இருந்தால், முதல் பந்தியிலேயே அவருக்கு இலை போடும்படி ஆயரிடம் கேளுங்கள். அவர் கூச்சப்பட்டால் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.